தன் எண்ணுக்கே போன் போட்டவர்

இந்த நாட்டில் சர்க்கரை உள்ள நாற்பது லட்சம் பேருக்கும் இன்றைக்குக் கண் தெரிகிறதென்றால், அது ஒரே ஒரு மனிதரின் தொண்டையால்தான். சூரியனுக்குக்கூட இரண்டாம் இடம்தான். அந்தத் தொண்டை இப்போது தேசிய நீரிழிவுப் பதிவேட்டு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், வெந்நீர் குடித்துக் கனைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குத் தயாராகிறது.

"வணக்கம்ங்க. பதிவேட்டுலேருந்து பேசறேன். பயப்படாதீங்க, நல்ல சேதிதான். உங்கள இன்னும் உயிரோட இருக்கறவங்க பட்டியல்லதான் வச்சிருக்கோம்."

பதிவேட்டில் உள்ளவர்கள் வருடம் ஒரு தடவை கண், கால், ரத்தம் மூன்றையும் காட்டியாக வேண்டும். காட்டாதவர் பெயர் சிவப்பாகிவிடும். சிவப்பான பெயருக்கு மூன்று தடவை போன். மூன்றாவதற்கும் எடுக்காவிட்டால் பெயர் 'தொடர்பற்றோர்' பட்டியலுக்குப் போய்விடும்; அப்புறம் அவரை யாரும் தேட மாட்டார்கள். அந்தப் பட்டியலுக்கு ஒரு பெயரைக்கூட விட இவருக்கு மனசு வராது. அதனால் ஒவ்வொரு பெயரையும் விடாக்கண்டனாகத் துரத்துவார். போனில் யார் புளுகினாலும் பிடித்துவிடுவார். "பொய் சொல்றவன் அந்த எடத்துல மூச்ச முழுங்குவான். காதுக்குத் தெரியும்."

உறவுக்காரர்கள் இவருக்கு வைத்த பெயர் 'மூணு மாசம்'. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் வாயைக் கட்டுகிறவர்களிடம், "அந்த ரத்தப் பரிசோதனை மூணு மாசத்து வண்டவாளத்தயும் சொல்லிடும். ரெண்டு நாள் பட்டினிய அது மதிக்காது" என்பார். பிறந்தநாள் வீட்டில் இவர் தலை தெரிந்தால் போதும், மாமாக்கள் கேக் தட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, மழை வருமா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். போன தடவை, நட்டநடுவில் கிடந்த தட்டை இவர் பார்க்காமல் மிதித்துவிட்டார். வீடே சிரித்தது. வாலு மட்டும் சிரிக்கவில்லை.

வாலு, இவருடைய அண்ணன் மகள். வயது பதினாறு, ஒரே வீடு. போனில் தலைமையாசிரியர் குரலில் பேசிப் பள்ளிக்கே விடுமுறை விட்ட கைகாரி. ஒரு நாள், எப்போதும் ஆடுகிற சாப்பாட்டு மேசை ஆடாமல் நிற்பதைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்தது. மேசைக்காலுக்கு அடியில் மடித்துச் செருகியிருந்தது பதிவேட்டின் கடிதம். பெயர் சித்தப்பாவுடையது. 'கண் பரிசோதனை பாக்கி. இரண்டு முறை அழைத்தோம். மூன்றாவது அழைப்பு புதன் காலை பதினொன்று.'

அந்த இரண்டு அழைப்பும் எப்படி நடந்தன என்று அலுவலகத்து எதிர் மேசை அம்மாளைத்தான் கேட்க வேண்டும். இவர் பெயரும் இவர் மேசைப் பட்டியலில்தான் இருந்தது. மனிதர் மேசைப் போனில் தன் எண்ணையே சுழற்றுவார். சட்டைப் பையில் மணி அடிக்கும். அது ஓயும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, 'பதில் இல்லை' என்று எழுதுவார். "பொய் எழுதலையே" என்பார்.

புதன்கிழமை பை அடிக்கவில்லை.

"யாருங்க அது?" என்றது மறுமுனையில் அவருடைய குரலே.

சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார், போன் இல்லை. நாக்கு நுனிவரை வசவு வந்தது. ஆனால் இங்கே பேசுவதெல்லாம் பதிவாகும்.

"பதிவேட்டுலேருந்துங்க. கண் பரிசோதனைக்கு நீங்க வரல."

"எனக்கென்னங்க, கல்லு மாதிரி இருக்கேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. எழுத்து தெளிவாத் தெரியுதா?"

"எறும்பு மாதிரி ஊருது. நாலு மாசமா. வீட்ல யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

எதிர் மேசை அம்மாள் தட்டச்சை நிறுத்திவிட்டார்.

"ஏன் காட்டல?"

"காட்டினா தெரிஞ்சிடுமே. தெரிஞ்சா இந்த நாற்காலி போயிடும்ங்க."

இப்படிச் சொல்கிறவர்களை வாங்கு வாங்கென்று வாங்குவார். இன்றைக்கு நேரே தேதிக்கு வந்தார். "வெள்ளிக்கிழமை பத்து மணி" என்றார். "கண்ணுல மருந்து விட்டா சாயங்காலம் வரைக்கும் மங்கும். தொணைக்கு யாரு?"

அந்தப் பக்கம் குரல் மாறியது. "நான் வரேன் சித்தப்பா."

'துணை: அண்ணன் மகள்' என்று எழுதினார். பக்கத்திலேயே, 'பள்ளிக்குப் போகவிடாமல் காலையில் அவளுக்கு வந்த வயிற்றுவலி குணமாகிவிட்டது' என்றும் சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் கண்ணின் படத்தைப் பார்த்தார். "உள்ள கசிவு ஆரம்பிச்சிருக்கு. லேசர் வச்சு நிறுத்திடலாம், நாற்காலிய விட வேண்டாம். இன்னும் ஆறு மாசம் போயிருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்."

"அந்தக் கடைசி வரிய முதல்ல சொல்லணும் டாக்டர். அப்பத்தான் பயப்படுவாங்க" என்று தொழில் கற்றுக்கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

ஆஸ்பத்திரி நடையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் பேனா கீறுகிற சத்தம் கேட்டது.

"என்ன எழுதற? எனக்கு எல்லாமே கஞ்சித் தண்ணியாத் தெரியுது. படி."

வாலு எழுதிக்கொண்டிருந்தது இந்தக் கதையைத்தான். முதல் வரியிலிருந்து படித்தாள்.

"நாப்பது லட்சம் இல்ல" என்றார். "என் மேசைக்கு ரெண்டாயிரத்து நூத்திப் பதினாலு. மேல படி."

மூன்று மாத வண்டவாளம், மாமாக்கள், மழை, தட்டு, வீடே சிரித்தது எல்லாம் வந்தன. வாலு அடுத்த வரியைப் படிக்காமல் தாளைத் திருப்பி, மேசைக்கால் கடிதத்துக்குப் போனாள்.

"நில்லு" என்றார். "இங்க மூச்ச முழுங்கின."

கண்ணை மூடியபடியே கையை நீட்டி, நோட்டைத் தடவிப் பிடித்து, ஒரு தாளைப் பின்னால் திருப்பி அவள் மடியில் வைத்தார்.