ஆமை, குடை, மல்லிகை, ஏணி, பலாப்பழம்

துமிராவுக்குச் சிரிப்பு வந்தால் இடம் பொருள் பார்க்காது. சாவு வீட்டிலேயே ஒரு தடவை சிரித்துவிட்டு, கபாயாச் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியவள். யோக்யா நகரின் ஆற்றோரக் கம்போங் குடியிருப்பில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, பாதி ஆயுசு சந்தையில் கீரையும் கடலைச் சம்பலும் விற்று, ஒரே மகன் குன்தோரோவைப் படிக்கவைத்து சுரபாயா நகரத்துக்கு வேலைக்கு அனுப்பினாள். எழுபதைத் தாண்டியும் வாய் மட்டும் இருபதிலேயே நின்றிருந்தது.

ஞாபகம்தான் அங்கங்கே நழுவியது. ஒரு நாள் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டுக் கோழியைத் தேடப் போனவள், கோழி கிடைத்ததும் அதோடு கதை பேசிக்கொண்டு நின்றுவிட்டாள். சட்டி கரிந்து ஜன்னல் திரையும் பற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டு வக்கிடி, ஒரு காலத்து ரயில் கார்டு, வாளியோடு பாய்ந்து வந்து அணைத்தார்.

சேதி சுரபாயா வரைக்கும் போய்விட்டது.

"இபு, போதும். என்கூட வந்துடுங்க. பதினோராவது மாடி, காத்து பிச்சுக்கிட்டு வரும்" என்று போனில் சொன்னான் மகன். அந்த ஊரில் அம்மாவுக்கு இபு என்று பெயர்.

"கோழி எப்படிடா பதினோராவது மாடி ஏறும்?"

"விளையாடாதீங்க. டாக்டர் பரிசோதனையில ஞாபகம் நல்லா இருக்குன்னு வந்தா இங்கயே இருங்க. இல்லைன்னா பேச்சே கிடையாது."

துமிரா போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். இந்தத் தெருவை விட்டுவிட்டு அவள் யாரைப் பார்த்துச் சிரிப்பாள்?

அந்தப் பரிசோதனை கம்போங் மண்டபத்தில்தான். மாதாமாதம் அங்கே முதியோர் நாள் நடக்கும். எடை பார்ப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், பாட்டுப் போட்டு ஆடவிடுவார்கள், கடைசியில் பச்சைப்பயறுக் கஞ்சி. அந்த வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் விதாதி என்ற இளம்பெண் வந்து சேர்ந்தாள். வயதானவர்கள் கூட்டமாக ஆடிப் பாடினால் மறதி தள்ளிப் போகுமா என்பது அவளுடைய ஆராய்ச்சி. முதலில் ஒரு தேர்வு, மூன்று மாதம் ஆட்டம், பிறகு மறுபடி தேர்வு. ஐந்து வார்த்தை சொல்வாள். நடுவே கணக்கு, படம் என்று பேச்சை மாற்றிவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்பாள்.

முதல் ஆளாக உள்ளே போனவர் வக்கிடி. வெளியே வந்தவர் உட்காரக்கூட இல்லை. "ஆமை, குடை, மல்லிகை, ஏணி, பலாப்பழம்!" என்று ஸ்டேஷன் பெயர் கூவுகிற மாதிரி கூவினார்.

இதில் என்ன தப்பைக் கண்டீர்கள்? அந்தத் தெருவில் ஒரு வீட்டில் சோயாக்கட்டி டெம்பே பொரித்தால் நாலு வீட்டுக்குத் தட்டு போகும். கிடைத்ததைத் தானே அமுக்கிக்கொள்பவனை அங்கே மனுஷக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வார்த்தைக்கு மட்டும் தனிச் சட்டமா? வரிசையில் நின்ற எதிர்வீட்டு சாரிந்தென் அதை ஆட்டப் பாட்டு மெட்டில் போட்டாள், வரிசை முழுக்கக் கைதட்டியது. எல்லாருக்கும் முழு மதிப்பெண், துமிராவுக்கும்தான்.

டாக்டர் விதாதிக்கு எப்படி என்றே புரியவில்லை. குன்தோரோவுக்கு நன்றாகவே புரிந்தது. "வக்கிடி ஐயாவுக்குப் போட்டிருக்கிற சட்டை யாருதுன்னே தெரியாது. அவரும் முழு மார்க்கா?" என்று போனில் கத்தினான்.

மூன்று மாதம் கழித்து அடுத்த தேர்வுக்கு லீவு போட்டுவிட்டு, காலிப் பெட்டியோடு வந்து இறங்கினான். "இந்தத் தடவை இபுதான் முதல்ல போகணும்."

துமிரா கபாயாவை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனாள். மகன் பக்கத்தில் உட்கார, டாக்டர் எதிரே உட்கார்ந்தாள்.

"இபு, இப்ப நான் அஞ்சு வார்த்தை..."

"ஆமை, குடை, மல்லிகை, ஏணி, பலாப்பழம்!"

"ஐயோ, நான் இன்னும் வாயையே தொறக்கலையே!"

ஜன்னலுக்கு வெளியே வரிசையே கொல்லென்று சிரித்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்று டாக்டர் கேட்டதுதான் தாமதம், துமிரா மடை திறந்துவிட்டாள். வக்கிடி அன்று சட்டையை உள்பக்கம் வெளியாகப் போட்டிருந்தது, கஞ்சியில் இஞ்சி தூக்கலாக இருந்தது, சாரிந்தென் தட்டிய தட்டில் வளையல் உடைந்தது, ஆட்டத்துக்கு வரும்போதெல்லாம் அதையே பாடியது, ஒன்று விடவில்லை.

"போச்சு, என் ஆராய்ச்சி அம்போ!" என்று டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு புது வார்த்தைகளைச் சொன்னாள். திருப்பிக் கேட்டபோது துமிராவுக்கு இரண்டுதான் வந்தது. மீதி மூன்றைக் கூரையில் தேடினாள். சிரிப்பு அடங்கிப்போயிற்று.

"மறதி இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் டாக்டர். "ஆனா கும்பலோட பாடுனது மூணு மாசமா நிக்குது பாருங்க. சுரபாயாவுல இவங்க யாரோட பாடுவாங்க?"

குன்தோரோ நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "பாட்டு அடுப்பை அணைக்குமா டாக்டர்?"

"அணைக்கும்டா தம்பி!" ஜன்னல் வழியாக வக்கிடியின் தலை நுழைந்தது. "அடுப்பையும் பாட்டுல சேர்த்து தினமும் கேட்டுட்டா முடிஞ்சுது!"

குன்தோரோ நேராக வீட்டுக்கு வந்து அம்மாவின் துணிகளைப் பெட்டியில் அடுக்கினான். துமிரா ஒரு வார்த்தை பேசாமல் அடுப்படிக்குப் போனாள். அவள் பேசாமல் இருந்து அவன் பார்த்ததே இல்லை.

சாயங்காலத் தொழுகைக்கான அழைப்பு ஓய்ந்ததும் மதிலுக்கு அந்தப் பக்கம் வக்கிடி கூவினார். "ஆமை!"

"குடை!" என்றாள் சாரிந்தென். அப்புறம் மல்லிகை, ஏணி, பலாப்பழம் என்று வீடு வீடாகத் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. பிறகு எல்லாரும் சேர்ந்து, "அடுப்பு?"

அணைச்சாச்சு என்ற பதில் வரவில்லை.

"துமிராக்கா! அடுப்பு?"

குன்தோரோ எழுந்திருப்பதற்குள், வக்கிடி ஒரு கையில் வாளியும் மறு கையில் அவிழ்கிற கைலியுமாக உள்ளே நின்றார். பின்னால் சாரிந்தென், அவள் பின்னால் பாதித் தெரு.

அடுப்பு அணைந்திருந்தது. துமிரா கன்னம் புடைக்க நின்றாள்.

"வாயில டெம்பே இருக்குது! முழுங்க விட மாட்டீங்களா, பாவிகளா?"

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் டெம்பே வக்கிடியின் சட்டையில் தெறித்தது. அன்றைக்கும் உள்பக்கம் வெளியாகத்தான் போட்டிருந்தார்.

பதினோராவது மாடியில் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் குன்தோரோவுக்குத் தெரியாது. வாளி தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்? அவன் பெட்டியைத் திறந்து அம்மாவின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தான்.

"என்னடா பண்றே?"

"நாளைக்கு எனக்கும் அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுங்க இபு. போன்ல நானும் பாடணும்."