யாரும் கூப்பிடாத பகுதி

கொலம்பியாவின் மனிசாலெஸ் நகரின் மலைச்சரிவுகளில் மண்சரிவை எச்சரிக்க நாற்பத்தோரு சைரன்கள் உண்டு. ஒவ்வொன்றையும் இயக்கும் பெட்டிக்குள் ஓடுவது யமீலே ஒகாம்போ கை வைத்த புரோகிராம். பெட்டியின் நினைவகமோ கைக்குட்டை அளவு. கம்பைல் செய்த, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றிய கோப்பில் மனிதர் படிப்பதற்காக ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர்களையும், எந்த வரியும் கூப்பிடாத பகுதிகளையும் உரித்தெடுத்தால்தான் உள்ளே அடங்கும். பதினோரு வருடமாக அதுதான் அவள் வேலை. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, வித்தை தெரிந்தவர்களில் யாருக்குத்தான் இல்லை?

அந்த வெள்ளிக்கிழமை மதியம் போனுக்குச் சார்ஜ் போட இடமில்லாமல், மேசையிலிருந்த சோதனைப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். பேட்டரிக்கு மாறியிருக்க வேண்டிய பெட்டி அப்படியே அணைந்துபோனது. போன மாதம் எல்லாச் சைரன்களிலும் ஏற்றிய புரோகிராமிலிருந்து நீக்கிய பகுதிகளின் பட்டியலைத் திறந்தாள். பேட்டரிக்கு மாற்றும் பகுதி மூன்றாவதாக இருந்தது. புரோகிராமில் எங்கிருந்தும் அழைப்பில்லை என்பதால் வீண் என்று வெட்டியிருந்தாள். மின்சாரம் போனால் பெட்டியே நேராக அதைத் தேடிப் போகும் என்பது அப்போது தோன்றவில்லை. அவள் மேசையில் மின்சாரம் போனதே இல்லை. சரிவுகளில் மழை வலுத்தால் முதலில் போவது அதுதான்.

வெளியே காலையிலிருந்து மழை.

மேலாளர் லிபார்தோ அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திங்கட்கிழமை ஆளனுப்பிப் புதிய புரோகிராமை ஏற்றிவிடலாம் என்றார். "அதுவரைக்கும் வாயத் திறக்காதீங்க, இன்ஜினியரம்மா. வெளிய தெரிஞ்சா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்."

பொய் சொல்வானேன், அவளும் பயந்தாள். கால் மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒவ்வொரு சைரனுக்கும் காவலாக இருப்பவர்களின் எண்களை எடுத்து வரிசையாகக் கூப்பிட்டாள். ஏழாவது ஆள் நூபியா. சரிவின் அடியிலேயே வீடு. வேலைக்குப் போகும் தாய்மாரின் பன்னிரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள்.

"கரண்டு இருக்காக்கா?"

"போயி ஒரு மணி நேரமாச்சு. பின்சுவத்துல சேறு கசியுது. ஆனா சைரன் ஊதலையே, அதான் பயப்படாம பிள்ளைங்களுக்கு வெல்லத்தண்ணி காய்ச்சிட்டிருக்கேன்."

"அது ஊதாதுக்கா. செத்துக் கிடக்கு. அடுப்ப விடுங்க, பிள்ளைங்களக் கூட்டிட்டு வெளிய ஓடுங்க."

கதவு அடித்தது. குழந்தைகளின் அழுகையும் படிகளில் இறங்கும் காலடிகளும் கேட்டன. நூபியா மூச்சிரைக்க எண்ணினாள். பன்னிரண்டு வந்த பிறகுதான் யமீலேயும் மூச்சு விட்டாள்.

"சைரன நம்பி உக்காந்திருந்தோமே," என்றாள் நூபியா. "எந்தப் புண்ணியவான் பாத்த வேலை இது?"

"நான்தான்கா," என்றாள் யமீலே. "இன்னும் தள்ளிப் போங்க."