மழைக்குப் பூசச் சொன்னோம்

கொட்டாஞ்சேனைச் சவரி பாஸ் மறைந்த செய்தி எனக்குக் கைப்பேசியில் வந்தது. அனுப்பியவர் வெள்ளவத்தையில் இரும்புக்கடை நடத்தும் முதலாளி ஒருவர். "சவரி பாஸ் காலமானார். நல்ல தொழிலாளி. நல்ல மனுசன். ஆழ்ந்த இரங்கல்." அதன் கீழே மூன்று கூப்பிய கைகள். போர்க்காலத்தில் சவரி பாஸ் பதினொரு நாள் காவற்கூண்டில் கிடந்தது இந்த முதலாளியின் வாயால். அதே வாய் இன்று இரங்கல் சொல்கிறது. ஆயினும், அன்பர்களே, அவர் ஒருவரை மட்டும் பழித்துவிட்டு நான் நகர்ந்தால் அந்த மூன்று கைகளோடு என் கைகளும் சேர்ந்துவிடும். ஆகவே நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன். இதை வாசிக்கும் உங்களுள் பலருடைய வண்டிகளின் பின்புறத்தைக் கறுப்பாக்கியவை அவருடைய கைகள்தாம்.

சவரிமுத்து என்பது அவர் பெயர். கைத்தொழில் தெரிந்தவரைப் பாஸ் என்றழைப்பது கொழும்பின் வழக்கம். ஆகவே சவரி பாஸ். துறைமுகத்தை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், இரண்டு வண்டிகள் நெருக்கி நிற்கக்கூடிய கொட்டகை அவருடையது. முழு வண்டிக்கும் நிறம் பூசும் வேலையை அவர் எடுப்பதில்லை. விளிம்புகள், வெள்ளிப் பட்டைகள், முன்வலை, பின்புற எழுத்துகள் ஆகிய ஒப்பனை உறுப்புகளே அவர் வேலை. வண்டி உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்கு அக்காலத்தில் ஒருவகை இரப்பர்ப் பூச்சு குப்பிகளில் வந்துகொண்டிருந்தது. அதனைப் பட்டையின்மேல் தெளித்தால் உலர்ந்து தோல்போற் படியும். வேண்டாதபோது ஓரத்தை நகத்தாற் கிளப்பி இழுத்தால் முழுத்தோலும் ஒரே உரியாகக் கழன்று வரும்; உள்ளே இருக்கும் வெள்ளிப் பட்டையில் ஒரு கீறலும் இராது.

இதற்கு நான் 'உரிபூச்சு' என்று பெயரிட்டேன். சவரி பாஸ் தெளிப்புக் குப்பியைக் குலுக்கியபடியே சிரித்தார்.

"ஐயா, உரிபூச்சு எண்டு கேட்டுப் பஞ்சிகாவத்தைக்குப் போனீங்களெண்டா, தேங்காய் உரிக்கிற அலவாங்கைத்தான் எடுத்துத் தருவான்."

"அப்படியானால் நீங்கள் என்னவென்று கேட்பீர்கள்?"

"ரப்பர் ஸ்பிரே எண்டு கேப்பன். அவனுக்கும் விளங்கும், எனக்கும் விளங்கும், ரப்பருக்கும் விளங்கும்."

தமிழில் எழுதப்பட்ட எதையும் தாங்கிக்கொண்டு கொழும்பின் காலி வீதியில் ஓடுவது எவ்வளவு இடர் என்பதை அக்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. காவலரணில் வரிசையாய் நிற்கும் வண்டிகளுள் எதை ஓரங்கட்டுவது என்பதை எத்தனையோ நாள் பின்கதவின் எழுத்தே முடிவு செய்தது. ஆனால் எழுத்தைப் பெயர்த்தெடுக்க நமக்கு மனமில்லை. கோயில் திருவிழாவுக்குப் போகும்போது அது மின்னவேண்டும்; கல்யாண ஊர்வலத்தில் உறவினர் கண்ணிற் படவேண்டும். இடைப்பட்ட நாள்களில் மட்டும் அது இல்லாதிருக்கவேண்டும். சவரி பாஸின் உரிபூச்சு நமக்காகவே கடல்கடந்து வந்ததுபோல் இருந்தது.

ஒருவராவது அவரிடம் "தமிழை மறைத்துவிடுங்கள்" என்று வாய்திறந்து கேட்டதுண்டா? இல்லை. "மழைக்கு அடிச்சு விடுங்கோ" என்றே கேட்டோம். யார் தொடங்கிய வழக்கோ அறியேன். தமிழர் நெருங்கி வாழும் வெள்ளவத்தையிலிருந்து தெகிவளை வரை அந்தச் சொல் ஓடியது. துரு ஏறாமலிருக்க, மழைநீர் படாமலிருக்க என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். கறுப்புப் பூச்சைவிட அந்தச் சொல்தான் எனக்கு இன்று அதிக அருவருப்பூட்டுகிறது. அச்சத்துக்குக்கூட நேர்மையாய் ஒரு பெயரிடத் துணியாத கூட்டமாய் இருந்தோம்.

இரும்புக்கடை முதலாளி தம் வான் வண்டியைக் கொண்டுவந்த நாளில் நானும் அங்கிருந்தேன். அந்த வானின் பின்கதவில் 'யாமிருக்கப் பயமேன்' என்று நிக்கல் எழுத்துகள் பதித்திருந்தன.

"பாஸ், பின்னுக்கு ஒருக்கா மழைக்கு அடிச்சு விடுங்கோ."

"எந்தப் பக்கத்து மழை முதலாளி? வடக்கையா, தெற்கையா?"

"பகிடி விடாதேங்கோ பாஸ். எல்லாப் பக்கமும் இருட்டிக்கொண்டு வருது."

சவரி பாஸ் அந்த வாசகத்தைத் துணியால் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பயமேன் எண்டு கேக்குது ஐயா. இதுக்கு மேலதான் நான் அடிக்கணும்" என்றார். முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். பயமேன் என்ற கேள்வியையே பயந்து மூடினோம். மூடுகையில் நகைக்கவும் செய்தோம். அதற்கு முந்திய வாரமே என் மகிழுந்தும் அங்கே நின்றிருந்தது. அதன் பின்புறத்தில் ஒரேயொரு சொல் இருந்தது: செந்தமிழ். நானும் மழை என்றுதான் சொன்னேன். மேடைதோறும் அச்சம் தவிர்க்கச் சொன்ன என் நாக்கு அந்தக் கொட்டகையில் வானிலை பேசியது.

அவருடைய வேலையில் ஒழுங்கு இருந்தது. சவர்க்கார நீரால் எண்ணெய்ப் பசை போகக் கழுவுவார். சுற்றிலும் ஒட்டுநாடா இடுவார். முதல் தெளிப்பு மூடுபனிபோல் மெல்லியதாய் இருக்கும். அது காய்ந்தபின் அடுத்தது. இவ்வாறு ஐந்து முறை. கடைசித் தெளிப்பு ஈரமாயிருக்கையிலேயே நாடாவைக் கழற்றுவார். காய்ந்தபின் கழற்றினால் தோலும் கூடவே கிழிந்துவிடும். "ரெண்டு தரம் போதாதோ பாஸ்? ஊதின மாதிரித் தெரியுது" என்று அவசரப்பட்டவர்களுக்கு அவர் சொன்ன விடையைப் பலர் கேட்டிருப்பீர்கள்: "மறைக்கிறதுக்கு ரெண்டு தரம் காணும். திரும்ப எடுக்கிறதுக்குத்தான் அஞ்சு தரம். நான் எடுக்கிறதுக்கு அடிக்கிறன்."

முதலாளியின் வானுக்கும் ஐந்து முறை தெளித்தார். "பின்னேரம் வரைக்கும் நிக்கட்டும், ஓரம் காயல்ல" என்றார். முதலாளிக்குப் பொறுமை இல்லை. விரலால் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டதென்று ஓட்டிச் சென்றார். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை அடித்த காற்றில் காயாத ஓரம் கிளம்பியது. நண்பகல் வெயிலில் காவலரணில் வான் நின்றபோது, பின்கதவில் ஒரு கறுப்புத் தோல் நாக்குப்போல் தொங்கிக்கொண்டிருந்தது. படைவீரன் ஒருவன் விளையாட்டாய் அதைப் பிடித்து இழுத்தான். ஐந்து தெளிப்புத் தோல், சவரி பாஸின் கைவண்ணம், ஒரே உரியாக அவன் கையோடு வந்தது. உள்ளே தமிழ் மின்னியது.

"மொகக்த மேக?" என்றான் அவன். இது என்ன என்று கேட்கிறான்.

நாம் நமக்குள் பேசிப் பழகிய பொய்யை முதலாளி அப்படியே சிங்களத்தில் எடுத்துவிட்டார். "வெஸ்ஸட்ட, மஹத்தயா." மழைக்கு, ஐயா.

படைவீரன் வானத்தை நிமிர்ந்து பார்த்தான். ஒரு முகிலும் இல்லை. மற்றவர்களைக் கூப்பிட்டான்.

எதற்காக மறைத்தாய், யார் மறைக்கச் சொன்னது, உள்ளே எழுதியிருப்பதன் பொருள் என்ன என்று அவர்கள் அடுக்கிய கேள்விகளுக்கு முதலாளி ஒரே விடை சொன்னார்: தனக்கு ஒன்றும் தெரியாது, கொட்டாஞ்சேனைப் பாஸ் தன்பாட்டில் அடித்துவிட்டான். வீடு திரும்பியதும் எங்களிடமும் அதையே சொன்னார், தமிழில்: "அவன்தான் தன்ர பாட்டில அடிச்சவன் எண்டு சொல்லிப்போட்டன். வேற என்ன செய்ய?" காலையில் 'பாஸ், நீங்கள்' என்று பேசிய மனிதர் மாலையில் 'அவன்' என்றார். ஒரு மனிதனுக்குரிய மதிப்பு ஒரு விகுதியில் கழன்று விழுந்தது. சவரி பாஸ் பூசிய எதுவும் அவ்வளவு எளிதாகக் கழன்றதில்லை.

அன்று இரவே அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவருடைய மனைவி பிலோமினா காவல் நிலைய வாசலில் இரண்டு நாள் நின்றார். மூன்றாம் நாள் பொறுப்பதிகாரி அவரிடம் சொன்னது இது: வண்டிக்காரர் ஒருவர் நேரில் வந்து, 'பூசச் சொன்னது நான்தான், இது வெறும் ஒப்பனை வேலை' என்று கையெழுத்திட்டால் உன் கணவனை விடுகிறேன். ஒரேயொருவர் போதும். பிலோமினா அம்மையார் வெள்ளவத்தைக்கு வந்தார். எங்கள் பெயர்கள் அவருக்கு முழுமையாய்த் தெரியாது. 'நீலக் கார் டொக்டர்', 'வெள்ளை வான் மாஸ்டர்' என்று நிறங்களைக் கேட்டுக் கேட்டு வீடு வீடாய் ஏறினார். ஒருவர் காய்ச்சல் என்றார். ஒருவர் அந்த வண்டியை விற்றுவிட்டேன் என்றார். வண்டி அவருடைய வாசலிலேயே நின்றது. ஒருவர் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே பேசினார்.

நான் கதவைத் திறந்தேன். தேநீர் கொடுத்தேன். "நாளைக் காலையில் வந்து கையெழுத்திடுகிறேன் அம்மா" என்று உறுதி சொன்னேன். மறுநாள் போகவும் செய்தேன். காவல் நிலையத்துக்கு எதிர்ப்புறம் பேருந்துத் தரிப்பிடம் இருந்தது. அங்கே நின்றேன். மூன்று பேருந்துகள் போயின. நான்காவதில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். மாலையில் எனக்கு மேடை இருந்தது, ஏறிப் பேசினேன், கைதட்டினார்கள்.

மூன்று நாள் கழித்துப் பிலோமினா அம்மையார் மீண்டும் வந்தார். இம்முறை உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றார். "ஐயாவுக்கு மைக் இருந்தாத்தான் குரல் வருமோ?" என்று கேட்டார். விடைக்குக் காத்திராமல் திரும்பி நடந்தார்.

பதினோராம் நாள் ஒருவர் போனார். அவர் நம்மவர் அல்லர். நுகேகொடையில் பூக்கடை வைத்திருந்த சிங்களப் பெண்மணி குசுமா நோனா. கல்யாண வீடுகளுக்குப் பூக்கொண்டு செல்லும் அவருடைய வானின் வெள்ளிப் பட்டைகளைச் சவரி பாஸ் அழகுக்காகக் கறுப்பாக்கியிருந்தார். மறைக்க அவரிடம் ஒன்றுமில்லை. வேறு வேலையாய்க் கொட்டகைக்கு வந்தவர் பூட்டைக் கண்டு, பிலோமினாவிடம் கேட்டறிந்து, நேரே காவல் நிலையத்துக்கு வானைத் திருப்பினார். உள்ளே நடந்ததைச் சவரி பாஸ் பிற்பாடு நடித்தே காட்டுவார்.

"மம தமய் கிவ்வே, நான்தான் சொன்னன் எண்டு மேசையில அடிச்சா பாருங்க ஐயா, பெரியவர்ர தேத்தண்ணி தளும்பிச்சு. என்ட வானுக்கும் இவர்தான் அடிச்சது, வெளிய நிக்குது, வந்து பாருங்க, ஸ்டைல் பண்றதுக்கும் லைசன் எடுக்கணுமா எண்டு கேட்டா. அவர் எழும்பிப் போய் வானைப் பாத்திட்டு வந்து, நல்லாத்தான் இருக்கு எண்டார். அரை மணித்தியாலத்தில என்னை விட்டிட்டாங்க."

அரை மணி நேர வேலை. அதற்குத்தான் வெள்ளவத்தை முழுவதிலும் ஆளில்லாமற் போயிற்று. எதிர்த் தரிப்பிடத்தில் மூன்று பேருந்துகளை விட்ட நேரத்துக்குள் என்னால் முடிந்திருக்கும்.

வெளியே வந்த சவரி பாஸின் இடக்கை விரல்கள் அதன்பின் மடங்கவில்லை. அதைப் பற்றி அவர் பேசியதில்லை. கேட்டவர்களிடம் "குப்பி அமத்த வலக்கை இருக்கு" என்று முடித்துக்கொள்வார். எங்களுள் சிலர் கூச்சமின்றி மறுபடியும் அவரிடம் வண்டி கொண்டுபோனோம். அதுவும் மழைக்குத்தான். அவர் மறுக்கவில்லை. ஐந்து முறையே தெளித்தார். எங்களை இன்று நினைத்தாலும் அருவருக்கிறது.

போர் முடிந்தபின் அவரை என் வீட்டுக்கு அழைத்தேன். பூச்சை ஓராண்டுக்குள் எடுத்துவிட வேண்டுமென்று அவர் முன்பே சொல்லியிருந்தார். நான் எடுக்கவில்லை, ஆண்டுக்கணக்காய் வெயில் தின்று, அது உலோகத்தோடு ஒன்றிப் போயிருந்தது. நகத்தால் கீறினால் பொடிப்பொடியாய் உதிர்ந்தது. அவர் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார். "இந்தப் பாஸ் ஒழுங்காத்தான் அடிச்சிருக்கான். எடுக்கவேண்டிய ஆள்தான் எடுக்கல்ல" என்றார். பிறகு துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு, முகத்துக்கு நேரே கேட்க முடியாததைக் கேட்டேன்.

"உள்ளே இருந்தபோது, வேறு யார் யார் பூசச் சொன்னார்கள் என்று கேட்டார்களா?"

"ஒவ்வொரு நாளும் கேட்டாங்க."

"என் பெயரைச் சொல்லியிருந்தால் முதல் நாளே விட்டிருப்பார்களே."

"விட்டிருப்பாங்க. சொன்னா உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பாங்க." தேய்ப்பதை அவர் நிறுத்தவில்லை. "கூட்டிக்கொண்டு வாறதும் நீங்களா வாறதும் ஒண்டா ஐயா? உங்கட பேச்சு ரெண்டு மூண்டு கேட்டிருக்கிறன். கட்டாயம் வருவீங்க எண்டுதான் கதவைப் பாத்துக்கொண்டு இருந்தன்."

அவர் வேலையை முடித்து, கையைக் கழுவி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அன்பர்களே, அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் பேசப்போவதில்லை. அந்த மேடையில் உங்கள் கைதட்டலை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. சவரி பாஸிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது ஒன்றே. என் சொற்களை அவையோர் ஆயிரமாயிரமாய்க் கேட்டிருக்கிறார்கள். அவற்றை மெய்யென்று கொண்டு, பதினொரு நாள் ஒரு கதவைப் பார்த்திருந்தவர் அவர் ஒருவர்தாம். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியற்றவன். ஆயினும் அதை வைத்திருக்கிறேன். இனி அதைத் திருப்பிக் கொடுக்க ஆளில்லை.