கரைமேல் ஸ்டாண்டு

கேமராவை அரிசி டப்பாவுக்குள் வைத்திருப்பதைப் பார்த்து என் மனைவி தலையில் அடித்துக்கொள்ளாத மழைக்காலம் கிடையாது. ஈரம் ஏறினால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும், அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னதை நம்பி வருஷக்கணக்காக இப்படித்தான். அப்படியும் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

எனக்கு இருக்கும் ஒரே கிறுக்கு, இடிமழையைப் படம் எடுப்பது. மேற்கே கறுத்தால் பாகூர் ஏரிக்கரையில் ஏறி, மூன்றுகால் ஸ்டாண்டை விரித்து கேமராவை மாட்டிக் காத்து நிற்பேன். அங்கிருந்து வானம் முழுசாகத் தெரியும். முன்பெல்லாம் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்ததும் உடம்பு சிலிர்க்கும். இப்போது முட்டிதான் வலிக்கிறது.

நான் என்ன படம் எடுத்தேன் என்று ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "இன்னாபா, வருமா?" எனக்கென்ன தெரியும்? கறுத்த மேகமெல்லாம் கொட்டியா விடுகிறது? பாதி நாள் கலைந்துபோய், வெறுங்கையோடு இறங்கியிருக்கிறேன். அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்! கரைமேல் ஸ்டாண்டு தெரிந்தால் போதும், கீழே ரோட்டில் நெல் காயப் போட்டவர்கள் அவசரமாக வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டுவிடுவார்கள். மழை வராவிட்டால் திட்டு எனக்கு. சொல்லிச் சொல்லி அலுத்து, விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பு முடிந்த நேரம். அடுத்த தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். கணவர் போன பிறகு குத்தகை நிலத்தில் தனியாளாகப் பயிர் வைப்பவர். விளைந்த நெல் மொத்தத்தையும் கரையோர ரோட்டில் காயப் போட்டிருந்தார். மறுநாள் வியாபாரி வருவதாக இருந்தது. ஈரம் தட்டினால் அவர் மூட்டையைத் தொடமாட்டார்.

நான் அன்று கம்பெனியில் சேர்ந்தாற்போல் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஜன்னல் வழியே மேற்கே பார்த்தேன். இத்தனை வருஷமாக நான் காத்திருந்த மேகம் அதுதான் என்று தோன்றியது. போதும்டா சாமி என்று பாயில் சாய்ந்துவிட்டேன்.

தகர ஷீட்டில் மழை அறைகிற சத்தத்தில்தான் விழித்தேன். ரோட்டுக்கு ஓடிப் பார்த்தால், நெல் தண்ணீரோடு சேர்ந்து வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அக்கா முறத்தால் அள்ளிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து கையால் அள்ளினேன். நெல்லைவிட மணல்தான் அதிகம் வந்தது.

"நாலு தபா கரய திரும்பித் திரும்பிப் பாத்தேன் தம்பி," என்றார், நிமிராமலே. "உன் ஸ்டாண்டக் காணம். செரி, வராதுன்னு வுட்டுட்டேன்."

குறை சொல்கிற குரலே இல்லை அது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் என்ன வானிலை ஆபீசா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. இன்னொரு கை நெல்லை மணலோடு அள்ளி அவர் முறத்தில் போட்டேன்.

பூஞ்சை முற்றி லென்ஸ் இப்போது ஒன்றுக்கும் உதவாது. அரிசி டப்பாவில் அரிசி மட்டும்தான் இருக்கிறது, மனைவிக்கு நிம்மதி. எனக்கும் படம் எடுக்கிற ஆசை அடங்கிவிட்டது. ஆனாலும் மேற்கே கறுத்தால் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஸ்டாண்டை மட்டும் தூக்கிக்கொண்டு கரை ஏறுகிறேன். ரோட்டிலிருந்து நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து விரித்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். கொஞ்ச நேரத்தில் கீழே தார்ப்பாய் இழுக்கிற சத்தம் கேட்கிறது.