பறக்கப் போனவருக்குப் போர்த்திய பொன்னாடை

போன வாரம் உங்கள் பள்ளி விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்த வந்தார்கள். நான் இரண்டு கையாலும் தடுத்து, மடித்தபடியே வாங்கிக்கொண்டேன். "மானமே போச்சுப்பா" என்று வீடு வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தீர்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன்பு, சீர்காழிக்குக் கிழக்கே எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்துக்கு ஆண்டு விழா. எங்கள் தலைவருக்குப் பொன்னாடை இல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது. புது டிராக்டருக்கே போர்த்தியவர். அந்த வருடம் பாரா மோட்டாரில் பறந்து காட்ட ஒருவரை வரவழைத்தார். முதுகில் இஞ்சின், அதன் பின்னால் பெரிய மின்விசிறி மாதிரி காத்தாடி, தலைக்கு மேல் விரியும் பாராசூட் துணி. எங்கள் பக்கத்தில் மனிதன் பறந்து யாரும் பார்த்ததில்லை. அறுத்த வயலைச் சுற்றி ஊரே நின்றது.

இஞ்சினை மாட்டிக்கொண்டு நின்றவரின் தோளில் தலைவர் பொன்னாடையைப் போர்த்தினார். அவர் உடனே எடுத்துவிட்டார்.

"துணி தொங்கக் கூடாதுங்க. காத்தாடி இழுத்துடும்."

"சங்கத்து மரியாதையைக் கழட்டுறீங்களே தம்பி? வானத்துல ஜரிகை மின்னணும். போட்டோகிராபர் நிக்கிறாரு பாருங்க."

"வேணாங்க, அவர் சொல்றதைக் கேளுங்க" என்றார், கூட வந்திருந்த அவர் மனைவி.

"பயப்படாதம்மா. நம்ம செயலாளர் கட்டுனா அவிழாது."

செயலாளர் நான்தான். நாற்றுக்கட்டு கட்டிப் பழகிய கை. ஊரே பார்த்து நிற்க, அவரும் அரைமனதாகத் தோளைக் காட்டினார். மறுபடி போர்த்தி, மார்பில் இரட்டை முடிச்சுப் போட்டேன். "இனிமே நகராதுங்க" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

தென்னை உயரம் போனார். கைதட்டினோம். தலைவர் மைக்கில் தானே பறப்பது போலப் பேசிக்கொண்டிருந்தார். ஜரிகை நன்றாகத்தான் மின்னியது. பிறகு ஒரு முனை பின்னால் பறந்து காத்தாடிக்குள் போனது. பாராசூட் கயிறுகளும் அதில் சிக்கி, இஞ்சின் சத்தம் நின்று, மேலே துணி சுருண்டது. வாய்க்கால் கரையில் விழுந்தார். உயிர் அங்கேயே போய்விட்டது. என் முடிச்சு அப்போதும் அவிழவில்லை. அரிவாளால்தான் அறுத்தோம்.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் இறந்தவர் படத்துக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார், அதே கடையில் வாங்கியது. காற்று சரியில்லாததால் விபத்து என்று தீர்மானம் சொன்னார். நான் எழுதினேன்.

"முடிச்சுப் போட்டது யாருங்க?" என்று, அன்று எல்லாவற்றையும் பார்த்திருந்த அவர் மனைவி சபையில் கேட்டார். தலைவர் பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

"நான்தாம்மா. காத்து மேல தப்பு இல்ல" என்று சொல்லி, எழுதியதை அந்த அம்மா கண்முன்னே அடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

அடுத்த ஆண்டு விழாவில் என் சேவையைப் பாராட்டித் தலைவர் பொன்னாடையோடு வந்தார். அன்றுதான் முதன்முதலில் இரண்டு கையாலும் தடுத்தேன்.