கடலுக்குப் பர்தா

இன்று காலை துவாரகாவில் எங்கள் வீட்டில் பால் கெட்டுவிட்டது. டெல்லி வெயிலில் இதெல்லாம் ஒரு செய்தியா? ஆனால் என் மனைவி ரேவதி பாத்திரத்தை எட்டிப் பார்த்து, "அச்சா, திரைஞ்சு போச்சு" என்று சிரித்தாள் பாருங்கள், எனக்கு வயிறு எரிந்தது. தாத்தாவாகப் போகிற வயதில் பாலைப் பார்த்துப் பொறாமை வருமா என்று கேட்காதீர்கள். வரும்.

அந்தச் சொல் செல்வம் கொடுத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனும் நானும் ஜனக்புரியில் ஒரே அறையில் இருந்தோம். அவன் நாகப்பட்டினத்துப் பக்கம், கடலோரத்துக்காரன். நான் தர்மபுரி, எனக்குத் தண்ணீர் என்றால் கிணறு. சமையலும் அவன்தான் நன்றாகச் செய்வான், அதிலும் எனக்குப் புகைச்சல். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மேலதிகாரி வீட்டில் சாப்பாடு. அவர் மகள்தான் ரேவதி. டெல்லியில் பிறந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான் போனது சாம்பாருக்காக இல்லை என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஒரு ஞாயிறு, தினசரி காலண்டர் தாளில் 'திரைகடல்' என்று படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"திரைன்னா பர்தாதானே? கடலுக்கு எதுக்கு பர்தா?"

நான் முந்திக்கொண்டேன். "தப்பு. திரைன்னா அலை." சொல்லிவிட்டு, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

செல்வம் சாவகாசமாக எழுந்துபோய் ஜன்னல் பர்தாவை ஒரு பக்கமாகத் தள்ளினான். துணி மடிப்பு மடிப்பாக ஒதுங்கியது.

"நீங்க சொன்னதும் சரிதாங்க. திரையறதுன்னா மடிஞ்சு சுருங்கறது. வயசானா தோலு திரையுது. பாலு திரைஞ்சா வெள்ளையா கட்டிகட்டியா ஒதுங்குதுல்ல? கடலும் அப்படித்தான், மடிஞ்சு, வெளுத்து, நுரை தள்ளிக்கிட்டு உருண்டு வரும். அதான் திரை."

ரேவதி பர்தாவைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். பால் கெடுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன் நான், எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

பிறகு செல்வத்துக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல். அங்கேயும் கடல், அவன் ராசி அப்படி. தொடர்பு விட்டுப்போயிற்று. ரேவதியை நான்தான் கட்டிக்கொண்டேன். ஊர்க் கணக்குப்படி ஜெயித்தவன் நான்தான்.

நானும் செல்வமும் இருந்த அந்த ஜனக்புரி வீட்டை இடித்து நாலு மாடி எழுப்பிவிட்டார்கள். ரேவதி இப்போது எந்தச் சொல்லுக்கும் போனைத்தான் கேட்கிறாள். அது சொல்கிறது, அவள் 'ம்' என்று நகர்கிறாள். போன்மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஒரு சொல்லுக்காக அவள் ஒரு மனிதனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற நாள் ஒன்று இருந்தது. அந்த முகம் என்னுடையதில்லை. இனி ஆகவும் வழியில்லை.