பாலக்கரைக்குக் கூட்டம் பார்க்கப் போனேன்

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் குளித்தலையிலிருந்து திருச்சிக்குப் புறப்பட்டேன். இருபத்திரண்டு மைல், மூன்றாம் வகுப்பு, ஐந்தரையணா. மாசி மாதமாகையால் காவேரியில் தண்ணீர் மணலுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தது. பெட்டியில் பாதிப் பேர் ஸ்ரீரங்கத்துக்குச் சேவிக்கப் போகிறவர்கள். எதிரே இருந்த பெரியவர், நான் மலைக்கோட்டைக்கா, ரங்கநாதர் கோயிலுக்கா என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை, பந்து விளையாட்டை வேடிக்கை பார்க்கிற பையன்களைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்குக் காரணம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குளித்தலையில் ஒரு புட்பால் கிளப் இருக்கிறது. நான் அதன் காரியதரிசி. நாங்கள் ஆடுகிற மைதானம் ஒரு மிராசுதாருடையது. ஜனங்கள் கூடுவார்கள், தன் பெயரைச் சொல்வார்கள் என்று நினைத்து அவர் அதை எங்களுக்கு விட்டிருந்தார். ஜனங்கள் கூடவில்லை. போன மாட்சுக்குப் பார்க்க வந்தவர்கள் எங்கள் கோல்கீப்பரின் மைத்துனரும் ஒரு சோடாக்காரரும்தான். சோடாக்காரர் ஹாஃப்டைமுக்கு முன்பே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மிராசுதார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“காக்கா உக்காந்து பாக்குற ஆட்டத்துக்கு எதுக்கய்யா ரெண்டு ஏக்கரு? வாழை வெச்சா தாராவது தள்ளும்” என்றார்.

பங்குனியில் நடக்கிற மாட்சுக்கு எல்லைக் கோட்டைச் சுற்றி ஆள் நின்றால் மைதானம் நமக்கு. இல்லாவிட்டால் சித்திரையில் வாழைக்கன்று நடுவார். இதுதான் பேச்சு.

பாலக்கரையில் ஒரு சின்னக் கிளப்புக்குப் பையன்கள் ஈ மொய்ப்பதுபோல் மொய்க்கிறார்கள் என்று வெகு நாளாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்கள் நம்மைவிட நன்றாக ஆடுகிறார்களா என்றால், இல்லை. வெளியூர்ப் போட்டி ஒன்றில் நாம் அவர்களை ஒரு தடவை ஜெயித்திருக்கிறோம். அவர்களில் பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள் நாலைந்து பேர்தான். அப்படியிருக்க அவர்களுக்கு மட்டும் எங்கிருந்து கூட்டம் வருகிறது? காசு கொடுத்துக் கூட்டுகிறார்களா, கடலை மிட்டாய் கொடுத்துக் கூட்டுகிறார்களா என்று நேரில் கண்டுபிடிக்கத்தான் போனேன்.

கோட்டை ஸ்டேஷனில் இறங்கி ஒரு ஜட்கா பேசினேன். நாலணா கேட்ட வண்டிக்காரர் மூன்றணாவுக்கு வந்தார். பந்து கிளப்புக்குப் போகவேண்டும் என்றதும் அவர் வழி கேட்கவேயில்லை.

“கிளப்புக்குன்னு எடமெல்லாம் கெடையாதுங்க. இந்த வாரம் பந்து காதர் தெருவுல எறங்கியிருக்கு. அங்க போனா அந்தோணி இருப்பாரு” என்றார்.

எங்கள் ஊர் ஜட்காக்காரர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு கிளப் இருப்பதே தெரியாது. அப்போதே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

காதர் தெரு என்பது சர்க்கார் வைத்த பெயர் அல்ல. காதர் என்கிற பதின்மூன்று பதினாலு வயதுப் பையன் இருக்கிற தெரு, அவ்வளவுதான். அந்தோணி அந்தக் கிளப்பின் காரியதரிசி. பொன்மலை ரயில் பட்டறையில் பிட்டர் வேலை. போனபோது அவர் ஒரு கடை வாசலில் பெஞ்சியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே பையன்கள் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். நடுவில் ஒரு பலகை மேல் பந்து இருந்தது. காதர் பந்துக்குள் இருக்கிற ரப்பர்ப் பிளாடரை வாயால் ஊதிக்கொண்டிருந்தான். அவன் கன்னம் இரண்டும் உப்பிப்போயிருந்தன. ஒருத்தன் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தான், இன்னொருத்தன் வாரை இழுத்துக் கட்டத் தயாராக இருந்தான். சும்மா பார்த்துக்கொண்டு நின்ற பையன்கள் வேறு ஒரு கூட்டம். கல்யாணப் பந்தலில்கூட இவ்வளவு அக்கறை நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். கோயில் உற்சவத்தில் இன்ன நாள் இன்னார் மண்டகப்படி என்று உண்டல்லவா? அதுபோல அங்கே பந்துக்கு மண்டகப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் ஒரு தெரு. மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தெருவுக்கு ஒரு வாரம், செட்டியார் மளிகைக் கடைத் தெருவுக்கு ஒரு வாரம், துலுக்கமார் தெருவுக்கு ஒரு வாரம். பந்தைத் துடைப்பது, கொழுப்புத் தடவுவது, தையல் விட்டால் தைப்பது, காற்று அடிப்பது எல்லாம் அந்தத் தெருப் பையன்கள் பொறுப்பு. மாட்சு அன்றைக்கு அவர்கள்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவார்கள். மற்றத் தெருக்காரர்கள் பின்னால்தான் வரவேண்டும். எந்த ஊர்க் கிளப் விளையாட வந்தாலும், பந்து இறங்கியிருக்கிற தெருப் பையன்கள்தான் வந்தவர்களுக்கும் அவர்களோடு வருகிற பையன்களுக்கும் மோரோ பானகமோ கொடுத்து உபசாரம் செய்யவேண்டும்.

இதை யார் யோசித்துக் கண்டுபிடித்தது என்று அந்தோணியைக் கேட்டேன். யாரும் யோசிக்கவில்லையாம். ஒரு தடவை பட்டறையில் ராத்திரி ஷிப்டு போட்டதால் பந்தைத் தெருப் பையன்களிடம் விட்டுப் போனாராம். மறுநாள் அடுத்த தெருப் பையன்கள், எங்களிடம் ஏன் கொடுக்கவில்லை என்று சண்டைக்கு வந்தார்களாம். அவ்வளவுதான் கதை. இதற்குப் பணம் வேண்டாம், படிப்பு வேண்டாம், மூளைகூட வேண்டாம். அதுதான் எனக்கு ஆத்திரம். பெரிய காரியம் ஏதாவது செய்திருந்தால் நம்மால் முடியாது என்று விட்டுவிடலாம்.

அன்றைக்கு ஸ்ரீரங்கத்துக் கிளப்போடு ஸ்ரீரங்கத்தில் மாட்சு. வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் பாலக்கரையிலிருந்து புறப்பட்டார்கள். நாலு மைலுக்குக் குறையாது. நான் ஜட்காவில் போகலாம் என்றேன், யாரும் காதில் வாங்கவில்லை. காதர் பந்தை ஒரு துண்டில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். கடைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். ஒரு பலகாரக் கடைக்காரர், இன்றைக்காவது ஜெயித்துவிட்டு வாருங்களடா என்று கேலி செய்தார். தெருவுக்குத் தெரு கூட்டம் சேர்ந்துகொண்டே போயிற்று. காவேரிப் பாலத்தில் போகும்போது எதிரே வந்த மாட்டுவண்டிகள் நின்று வழி விட்டன. நான் வாலில் நடந்தேன். என்னை யாரும் யார் என்று கேட்கவில்லை.

ஸ்ரீரங்கத்துக் கிளப்பின் காப்டன் சீனு அய்யங்கார். கோர்ட்டு குமாஸ்தா. குடுமியை இறுக்கி முடிந்துகொண்டு பார்வர்டு ஆடுகிறவர். கொள்ளிடம் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பை ஒட்டி அவர்களுடைய மைதானம். பாலக்கரையைப் பார்த்து அவர்களும் இந்த மண்டகப்படி வழக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் அவர்களுக்குப் பந்து தோல் சாமானாகையால் வீட்டுக்குள் வராது. தெருக்கோடி ஜட்கா லாயத்தில் தொங்கும். வாயால் ஊதினால் எச்சில் என்று சைக்கிள் பம்பு வைத்திருக்கிறார்கள். வந்த பையன்களைத் தோப்பில் வரிசையாக உட்காரவைத்துத் தொன்னையில் புளியோதரையும் நீர்மோரும் கொடுத்தார்கள். தெருவுக்குள் அழைத்துப் போகவில்லை. அதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் புளியோதரை போதவில்லை என்றதும் ஓடிப்போய் இன்னொரு தவலை கொண்டுவந்தார்கள்.

அங்கே வழக்கம், முதல் பாதி வந்தவர்கள் பந்து, இரண்டாம் பாதி உள்ளூர்ப் பந்து. ஆட்டம் ஒன்றும் பிரமாதமில்லை. நம் ஆட்கள் இதைவிட நன்றாக ஆடுவார்கள். ஆனால் எல்லைக் கோட்டைச் சுற்றி நின்ற கூட்டம்! ஒருபக்கம் பாலக்கரைப் பையன்கள், மறுபக்கம் குடுமிப் பையன்கள். ஒருத்தன் தொண்டையும் ஒழுங்காக இல்லை. யாராவது வழுக்கி விழுந்தால்கூடக் கத்தினார்கள். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. நம் மைதானத்தில் இதில் கால்வாசிப் பேர் நின்றால் போதுமே என்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹாஃப்டைமுக்குக் கொஞ்சம் முன்பு பாலக்கரை பார்வர்டு ஒருத்தர் தடுக்க நின்ற பேக்குகளைத் தாண்டிவிட்டார். கோல்கீப்பரும் விழுந்துவிட்டார். முன்னால் வெறும் கோல். மெதுவாகத் தட்டினார். பந்து புஸ்ஸென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கோட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் ஈரத்துணி மாதிரி படுத்துவிட்டது. ஸ்ரீரங்கத்து பேக் ஒருத்தர் ஓடிவந்து அதை உதைத்தார், அது அவர் காலிலேயே ஒட்டிக்கொண்டது. ரெபரி விசில் ஊதினார். இரண்டாம் பாதியில் ஸ்ரீரங்கம் ஒரு கோல் போட்டது. பாலக்கரை தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் மற்றத் தெருப் பையன்கள் காதர் தெருக்காரர்களைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வாரமாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று ஒருத்தன். பந்து வைத்துக்கொள்ளத் துப்பில்லை என்று இன்னொருத்தன். காதர் செத்த பந்தை மடியில் வைத்துக்கொண்டு தென்னைமரத்தடியில் உட்கார்ந்து அழுதான். அவனோடு ஐந்தாறு பேர் அழுதார்கள். அந்தோணி பிளாடரை வெளியே எடுத்துப் பார்த்தார். ரப்பர் கொழகொழவென்று கையோடு வந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை.

என்னடா செய்தீர்கள் என்று கேட்டார். காதர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான். வழக்கமாகத் தடவுவது ஆட்டுக் கொழுப்பு. இந்த வாரம் அய்யமார் வீட்டுப் பிள்ளைகள் தலையால் முட்டுவார்களே, கொழுப்பாக இருந்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று நினைத்து, பந்தைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறார்கள். எண்ணெய் தையல் வழியாக இறங்கி ரப்பரைத் தின்றுவிட்டது.

சீனு அய்யங்கார் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏண்டா, பந்தே மாட்டுத்தோலு. அதைத் தலையால முட்டறவாளுக்குக் கொழுப்பு மட்டும் தீட்டாயிடுமோ?” என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காதர் சிரிக்கவில்லை. சீனு தங்கள் தெருப் பையன் ஒருவனை அனுப்பிப் புதுப் பிளாடர் ஒன்றை வரவழைத்துக் காதர் கையில் கொடுத்தார். அந்தோணி, இன்னும் ஒரு வாரம் பந்து காதர் தெருவிலேயே இருக்கட்டும், அவர்களே சரி செய்யட்டும் என்றார். மாதா கோயில் தெருப் பையன்கள், எங்கள் வாரத்தை எப்படி எடுக்கலாம் என்று அவரிடம் மல்லுக்கு நின்றார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. ஜெயித்ததைப் பார்த்துப் பொறாமைப்படுவது உலகத்தில் உண்டு. நான் அவர்கள் தோற்றதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நாம் ஆறு கோல் வாங்கின அன்றைக்குக்கூட நம் ஊரில் ஒரு பையன் மூக்கைச் சிந்தினது கிடையாது.

திரும்பும்போது பாலத்தின் மேல் அந்தோணியிடம் விஷயத்தை உடைத்தேன். மிராசுதார், வாழை எல்லாம் சொன்னேன். பங்குனியில் உங்கள் கிளப் எங்களோடு ஆடட்டும், இந்தப் பையன்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ரயில் சார்ஜ் எங்களுடையது என்றேன்.

“வருவாங்கண்ணே. ஆனா எங்களுக்குத்தான் கத்துவாங்க” என்றார்.

“கத்தட்டும். மிராசுதாருக்குத் தலைதான் கணக்கு. யாருக்குக் கத்துதுன்னு அவருக்குத் தெரியவா போவுது?”

அந்தோணி சிரித்துவிட்டு, பையன்களையே கேளுங்கள், வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம் என்றார். காதரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அழுது வீங்கின முகத்தோடு நின்றான்.

“உங்க ஊர்ல எந்தத் தெருக்காரங்க சார் எங்களைக் கூப்புடுவாங்க?”

கிளப் கூப்பிடுகிறது என்றேன்.

“கிளப்பு இல்ல சார். பந்து வெச்சிருக்கிற தெரு.”

பந்து என் வீட்டில் பீரோவில் பூட்டி இருக்கிறது என்றேன். அவன் மற்றப் பையன்களைப் பார்த்தான். பின்னால் ஒருத்தன், பீரோவிலா என்று மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

“அப்ப நாங்க எல்லாரும் வந்தா உங்க வீட்டுல மட்டும் எத்தனை பேருக்கு சார் மோர் கலக்குவீங்க?” என்றான் காதர்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அந்தக் கஷ்டத்தை நினைத்துத்தான் கேட்டான். அதனால்தான் என்னால் அவனைத் திட்ட முடியவில்லை. தெரு ஏற்பட்டதும் சொல்லியனுப்புங்கள், வருகிறோம் என்று சொல்லிவிட்டு, பந்தைப் பார்க்க முன்னால் ஓடிவிட்டான்.

இரவு வண்டியில் திரும்பினேன். திருச்சியில் நம்மிடம் இல்லாத எதுவும் இல்லை. நம் ஊரிலும் தெரு இருக்கிறது, பையன்கள் இருக்கிறார்கள், மோர் இருக்கிறது. பந்து அவர்களுடையதைவிட நல்ல பந்து. இதை நினைக்க நினைக்க எரிச்சல்தான் வருகிறது.

அங்கத்தினர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். நாளை மாலை பந்து நம் செக்குத் தெருவுக்குப் போகிறது. முதல் வாரம் அவர்களுக்குத்தான். போகிக்கு நம் கோல் கம்பத்தைப் பிடுங்கி எரித்த போக்கிரிகளுக்கா என்று கேட்பீர்கள். ஆமாம், அவர்களுக்குத்தான். நம் மைதானத்தில் ஒரு கோல் கம்பம் நிற்கிறது என்று இந்த ஊரில் அவர்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.